கதவைத் தட்டும் முறை: மனித உரிமை மன்றம் யாருடைய வழக்கை ஏற்கும்?

(மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ் பிரிவு மாணவன், கன்னிவாடி)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது பலரும் ரோபோ, செயற்கைக்கோள், சூரிய மின்சக்தி என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு நம் சிலபஸில் எந்த செமஸ்டரிலும் இல்லாதது. ஒரு மனிதனுக்குச் சொந்த நாட்டில் நியாயம் கிடைக்கவில்லை என்றால், அவன் நாட்டுக்கு வெளியே போய் முறையிட முடியுமா? முடியும் என்றால், அங்கே இருப்பவர்கள் யாருடைய வழக்கைக் கையில் எடுப்பார்கள், யாருடைய வழக்கைத் திருப்பி அனுப்புவார்கள்? இதுதான் கட்டுரையின் பொருள்.

"இது வக்கீலுக்குப் படிக்கிறவன் கவலை, டிப்ளமோக்காரனுக்கு எதுக்குப்பா?" என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் காரணம் இருக்கிறது.

பழனி மலை அடிவாரத்தில் உள்ள கன்னிவாடிதான் என் ஊர். மேலே காப்பியும் மிளகும் விளையும் மலைக்குக் கூலி வேலைக்குப் போகிற குடும்பம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆகவே ரேஷன் கார்டு முதல் பேங்க் நோட்டீஸ் வரை எந்தக் காகிதம் வந்தாலும் "தம்பி, இத வாசிச்சுச் சொல்லு" என்று என் கைக்குத்தான் வரும். சில வருடங்களுக்கு முன்பு என் சித்தப்பாவை ஒரு திருட்டு சம்பந்தமாக விசாரிக்க வேண்டும் என்று கூட்டிப்போய், இரண்டு நாள் வைத்திருந்து, அடித்து அனுப்பிவிட்டார்கள். வழக்கும் இல்லை, ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பயத்தில் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து, யாரோ தைரியம் சொல்லி, மேலிடத்துக்கு ஒரு மனுப் போட்டார்கள். காலதாமதமாக வந்திருப்பதால் மனுவை ஏற்பதற்கில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. நான் வாசித்துக் காட்டியதும் அப்பத்தா கேட்டது இதுதான்: "அப்படின்னா, நாம சொன்னது பொய்யின்னு சொல்லிட்டாங்களாய்யா?"

அந்தக் கேள்விக்குப் பதில் "இல்லை" என்பதே. ஏன் இல்லை என்று தேடிப் படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஹால் டிக்கெட்டும் விடைத்தாளும்

பரீட்சை அன்று வாசலில் ஹால் டிக்கெட் பார்க்கிறார்கள். அது இல்லாதவனை உள்ளே விடுவதில்லை. அவனுக்குப் பாடம் தெரியாது என்று அதற்கு அர்த்தமா? கிடையாது. அவன் விடைத்தாளை யாரும் திருத்தவே இல்லை. மார்க் லிஸ்டில் அவன் 'ஃபெயில்' இல்லை, 'ஆப்சென்ட்'.

மனித உரிமை மன்றங்களிலும் இதே போல இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் வாசல். இந்தப் புகாரை விசாரிக்க எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் அங்கே பார்ப்பார்கள். இதை ஏற்புத் தகுதி என்று சொல்லலாம். இரண்டாவது கட்டம்தான் உண்மையான விசாரணை. உரிமை மீறப்பட்டதா, இல்லையா என்று அங்கேதான் முடிவாகும். வாசலில் திரும்பி வந்த மனு தோற்ற மனு அல்ல, படிக்கப்படாத மனு. இந்த வித்தியாசம் நம் ஜனங்களுக்குத் தெரியாததால், ஒரு வரிப் பதிலைப் பார்த்ததும் நியாயமே நம் பக்கம் இல்லை போல என்று ஒடுங்கிப்போகிறார்கள்.

உலகத்தில் எங்கே இருக்கின்றன?

மனித உரிமைக்கென்றே கண்டம் தழுவிய நீதிமன்றங்கள் மூன்று இருக்கின்றன. பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 1959-ல் அமைந்த ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒன்று. கோஸ்டா ரிகாவின் சான் ஹோசே நகரில் உள்ள அமெரிக்கக் கண்டத்து நீதிமன்றம் இரண்டாவது. தான்சானியாவின் அருஷா நகரில் உள்ள ஆப்பிரிக்க நீதிமன்றம் மூன்றாவது. ஆசியாவுக்கு அப்படி ஒரு நீதிமன்றம் இல்லை.

"ஹேக் நகரில் உலக நீதிமன்றம் இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். அங்கே நாடுகள்தான் ஒன்றன்மேல் ஒன்று வழக்குப் போட முடியும். குல்பூஷண் ஜாதவுக்காக 2017-ல் பாகிஸ்தான் மீது வழக்குத் தொடுத்தது இந்திய அரசு. அவர் குடும்பம் தானாகப் போய்த் தொடுத்திருக்க முடியாது.

இவை தவிர, ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் குழு என்று ஒன்று உண்டு. இதில் 18 உறுப்பினர்கள். இது நீதிமன்றம் அல்ல. ஆனாலும் தனிமனிதர் அனுப்பும் புகாரை நீதிமன்றம் போலவே பரிசீலித்துக் கருத்துச் சொல்லும். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966-ம் வருட உடன்படிக்கையின் கீழ் இது இயங்குகிறது. ஆனால் அந்த உடன்படிக்கையில் ஒரு நாடு சேர்ந்திருந்தால் மட்டும் போதாது. "எங்கள் நாட்டு மக்கள் உங்களிடம் நேரே புகார் செய்யலாம்" என்று சொல்லும் கூடுதல் உடன்படிக்கை ஒன்று தனியாக இருக்கிறது. அதையும் அந்த நாடு ஏற்றிருக்க வேண்டும்.

ஆண்ட் கேட் போல ஒரு வாசல்

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் ஆண்ட் கேட் படித்திருக்கிறோம். எல்லா இன்புட்டும் ஒன்று என்றால்தான் அவுட்புட் ஒன்று. ஒரே ஒரு இன்புட் ஜீரோவானாலும் அவுட்புட் ஜீரோ. மனித உரிமை மன்றத்தின் வாசலும் அப்படித்தான். மன்றத்துக்கு மன்றம் சிறு மாற்றம் உண்டு என்றாலும், முக்கியமான இன்புட்கள் இவை:

1. நாடு: யார் மீது புகாரோ அந்த நாடு அந்த மன்றத்தின் அதிகாரத்தை ஏற்றிருக்க வேண்டும்.

2. காலம்: அந்த நாடு ஏற்றுக்கொண்ட பிறகு நடந்த செயலாக இருக்க வேண்டும், அல்லது அதற்குப் பிறகும் தொடர்ந்திருக்க வேண்டும்.

3. பாதிக்கப்பட்டவர்: புகார் செய்பவர் தானே பாதிக்கப்பட்டவராக, அல்லது அவருக்காக முறைப்படி பேசுபவராக இருக்க வேண்டும். மொட்டைக் கடிதம் செல்லாது.

4. உள்நாட்டுக் கதவுகள்: சொந்த நாட்டு நீதிமன்றங்களில், மேல்முறையீடு உள்பட, கடைசிப் படி வரை ஏறிப் பார்த்திருக்க வேண்டும்.

5. கெடு: உள்நாட்டுக் கடைசித் தீர்ப்பு வந்த பின் குறித்த காலத்துக்குள் மனுப் போட வேண்டும். ஸ்ட்ராஸ்பூர்கில் முன்பு ஆறு மாதமாக இருந்தது, 2022 பிப்ரவரி முதல் நான்கு மாதமாகக் குறைக்கப்பட்டது. ஐ.நா. குழுவில் இப்படிக் கறாரான கெடு இல்லை. ஆனாலும் ஐந்து வருடத்துக்கு மேல் தாமதித்தால் தகுந்த காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

6. ஒரே புகார், ஒரே இடம்: அதே விஷயம் வேறொரு சர்வதேச அமைப்பின் கையில் இருக்கக் கூடாது.

7. ஆதாரம்: மேலோட்டமாகப் பார்த்தாலே நிற்காத புகாராக இருக்கக் கூடாது. எந்த உரிமை, எந்தத் தேதியில், யாரால் மீறப்பட்டது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஸ்ட்ராஸ்பூர்குக்கு வரும் மனுக்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வாசலைத் தாண்டுவதில்லை. 2010 முதல், தெளிவாகவே தகுதி இல்லாத மனுக்களை ஒரே ஒரு நீதிபதி பார்த்துத் தள்ளிவிடலாம் என்று விதி இருக்கிறது. மனுப் போடக் கட்டணம் கிடையாது. ஆரம்பத்தில் வக்கீலும் கட்டாயம் இல்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தை முழுதாக நிரப்பி, தீர்ப்பு நகல்களை இணைக்காமல் விட்டால் பரிசீலனைக்கே எடுக்க மாட்டார்கள்.

ஏன் முதலில் உள்ளூர்க் கதவு?

மேலே சொன்ன ஏழில் நான்காவதுதான் பலரைத் தடுக்கிறது. "உள்நாட்டில் நியாயம் இல்லை என்றுதானே வெளியே வருகிறான், அவனை மறுபடியும் உள்ளேயே போகச் சொன்னால் எப்படி?" என்று எனக்கும் தோன்றியது. ஆனால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. தவறைத் திருத்திக்கொள்ள அந்த நாட்டுக்கே முதல் வாய்ப்புத் தர வேண்டும் என்பது கொள்கை. சாட்சியும் ஆவணமும் உள்ளூரில்தான் இருக்கின்றன. எங்கோ தூரத்தில் உள்ள மன்றத்தால் ஒவ்வொரு ஊர்ப் பிரச்சினையையும் முதலிலிருந்து விசாரிக்க முடியாது.

இந்த விதிக்கு விலக்கும் உண்டு. உள்நாட்டு வழி பெயருக்கு மட்டும் இருந்தால், அல்லது வழக்கை நியாயமில்லாமல் வருடக்கணக்கில் இழுத்தடித்தால், அந்தக் கதவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இதை ஒரு தமிழரின் வழக்கு நன்றாகக் காட்டுகிறது.

வாசலைத் தாண்டிய மூன்று தமிழ் வழக்குகள்

முதலாவது, இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த சிங்கராசா வழக்கு. 1993 ஜூலையில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் சுமார் 150 தமிழ் ஆண்களோடு பாதுகாப்புப் படையினர் அவரையும் பிடித்தார்கள். அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அவருக்குச் சிங்களம் தெரியாது. கீழே அவருடைய பெருவிரல் ரேகை. அந்த வாக்குமூலத்தை மட்டுமே வைத்து 1995-ல் உயர் நீதிமன்றம் 50 வருடச் சிறைத் தண்டனை கொடுத்தது. 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை 35 வருடமாகக் குறைத்தது. 2000 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. உள்நாட்டில் கடைசிப் படியும் முடிந்தது.

2001-ல் புகார் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனது. வாசலில் இரண்டு கேள்விகள் எழுந்தன. முதல் கேள்வி காலம். இலங்கை அந்தக் கூடுதல் உடன்படிக்கையில் சேர்ந்தது 1997 அக்டோபரில். நடைமுறைக்கு வந்தது 1998 ஜனவரியில். கைதும் முதல் தண்டனையும் அதற்கு முந்தியவை. குழு என்ன சொன்னது? தண்டனையை உறுதி செய்த மேல்முறையீட்டுத் தீர்ப்பும் உச்ச நீதிமன்ற உத்தரவும் 1998-க்குப் பிறகு வந்தவை. ஆகவே பரிசீலிக்கலாம் என்றது. இரண்டாவது, உள்நாட்டுக் கதவு. ஜனாதிபதியிடம் மன்னிப்புக் கேட்கும் வழி மிச்சம் இருக்கிறதே என்று அரசு வாதிட்டது. மன்னிப்பு என்பது ஒருவர் கருணையால் கொடுப்பது, உரிமையாகக் கேட்டுப் பெறும் பரிகாரம் அல்ல. அதையும் தட்டிவிட்டு வா என்று சொல்ல முடியாது என்ற முறையில் குழு முடிவு செய்தது. வாசல் திறந்தது.

2004 ஜூலையில் குழு தன் கருத்தைச் சொன்னது. வாக்குமூலம் வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையைக் குற்றம்சாட்டப்பட்டவர் தலையிலேயே வைத்தது தவறு. நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டிருக்கிறது. அவரை விடுதலை செய்ய வேண்டும் அல்லது மறுபடி விசாரிக்க வேண்டும், நஷ்ட ஈடும் தர வேண்டும் என்றது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் இலங்கை உச்ச நீதிமன்றம் போனார்கள். 2006 செப்டம்பரில் அந்த நீதிமன்றம், ஜனாதிபதி அந்தக் கூடுதல் உடன்படிக்கையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்குப் பொருந்தாது, உள்நாட்டில் அதற்குச் சட்ட வலு இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டது. வாசலையும் தாண்டி, வழக்கிலும் ஜெயித்து, பலன் கைக்கு வராத கதை இது.

அடுத்த இரண்டும் ஸ்ட்ராஸ்பூர்க் வழக்குகள். இலங்கைத் தமிழர்கள் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு எப்படிப் போனார்கள்? அங்கே போக ஐரோப்பியக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. உறுப்பு நாடு ஒன்றின் அதிகாரத்துக்கு உட்பட்டு இருந்தால் போதும். இவர்கள் இங்கிலாந்தில் அடைக்கலம் கேட்டவர்கள். திருப்பி அனுப்பினால் சித்திரவதைக்கு ஆளாவோம் என்பதே இங்கிலாந்து அரசின் மீது இவர்கள் வைத்த புகார்.

வில்வராஜா என்பவரும் இன்னும் நான்கு தமிழர்களும் 1987-ல் இங்கிலாந்து போனவர்கள். அடைக்கலம் மறுக்கப்பட்டு 1988-ல் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் வழக்கு ஏற்கப்பட்டது. ஆனால் 1991 அக்டோபரில் வந்த தீர்ப்பு, உரிமை மீறல் இல்லை என்றது. வாசல் திறந்தும் வழக்குத் தோற்றது.

2008 ஜூலையில் இன்னொரு தமிழரின் வழக்கில் தீர்ப்பு வந்தது. அவர் பாதுகாப்புக்காகப் பெயரை மறைத்து, எழுத்துகளால் மட்டும் குறிப்பிட்டார்கள். மொட்டைக் கடிதம் வேறு, இது வேறு என்பதைக் கவனியுங்கள். நீதிமன்றத்துக்கு அவர் யார் என்று தெரியும், வெளியுலகத்துக்குத்தான் சொல்லவில்லை. விசாரணை முடியும் வரை அவரை அனுப்பக் கூடாது என்று நீதிமன்றம் முதலில் இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. பிறகு, அவரைத் திருப்பி அனுப்பினால் அது உரிமை மீறலாகும் என்று தீர்ப்புச் சொன்னது. இங்கே வாசலும் திறந்தது, வழக்கும் ஜெயித்தது.

மூன்றையும் ட்ரூத் டேபிள் போல வரிசையாகப் பாருங்கள். வாசல் ஒரு விஷயம், தீர்ப்பு இன்னொரு விஷயம், தீர்ப்பு நடைமுறைக்கு வருவது மூன்றாவது விஷயம். ஒன்றைப் பார்த்து மற்றதை முடிவு செய்யக் கூடாது.

சரி, நமக்கு எந்தக் கதவு?

குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1979-ல் சேர்ந்தது. ஆனால் தனிமனிதர் புகார் செய்ய வழிவிடும் அந்தக் கூடுதல் உடன்படிக்கையில் சேரவில்லை. ஆண்ட் கேட்டின் முதல் இன்புட்டே ஜீரோ. அதாவது, சிங்கராசா தட்டிய கதவைக் கன்னிவாடிக்காரர் தட்ட முடியாது. நமக்கு உள்ளதெல்லாம் உள்நாட்டுக் கதவுகள்தான். ஆகவே அவற்றைச் சரியாகத் தட்டத் தெரிந்திருப்பது நமக்கு இன்னும் அவசியமாகிறது.

அரசியலமைப்பின் 32-ம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கும், 226-ம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். திண்டுக்கல் மாவட்டத்துக்கு 2004 முதல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே இருக்கிறது. ஏழைகள் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற வரலாறும் நம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு. கல்குவாரிக் கொத்தடிமைகள் பற்றி வந்த ஒரு கடிதம்தான் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்காகி 1983-ல் தீர்ப்பானது. ஆனால் அங்கும் வாசல் உண்டு. எந்தக் கடிதங்களைப் பொதுநல வழக்காக எடுக்கலாம் என்று 1988-ல் வகுத்த வழிகாட்டுதலில், கொத்தடிமை, சிறையில் துன்புறுத்தல் போன்றவை இடம்பெற்றன. வீட்டுக்காரர் - குடித்தனக்காரர் தகராறு, உத்தியோகப் பிரச்சினை போன்றவை சேராது.

தேசிய மனித உரிமை ஆணையம் 1993-லும் தமிழ்நாடு மாநில மனித உரிமை ஆணையம் 1997-லும் அமைந்தன. தேசிய ஆணையத்துக்கே தமிழில் எழுதிப் புகார் அனுப்பலாம், கட்டணம் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டியதை விசாரிக்க ஆணையத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. மொட்டைக் கடிதம், தெளிவில்லாத புகார், சொத்துத் தகராறு, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயம் ஆகியவையும் வாசலிலேயே நின்றுவிடும். புகார் ஓர் அரசு ஊழியரின் செயலைப் பற்றியோ அலட்சியத்தைப் பற்றியோ இருக்க வேண்டும்.

ஒரு வருடம் என்பது படித்தவருக்கு நீண்ட காலம். அடி வாங்கிய ஏழைக்கு அது பயம் தெளியவே பற்றாது. கூலிக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது என்கிற வீட்டில், மனு எழுத ஆள் தேடவே மாதங்கள் ஓடிவிடும். இந்தக் கெடுவை நீட்ட வேண்டும் என்பது என் கருத்து. அது நீளும் வரை, கெடுவைத் தெரிந்துவைத்திருப்பதுதான் நம் கையில் உள்ள ஆயுதம்.

நாம் செய்யக்கூடியது

ஒன்று, தேதி. எது நடந்தாலும் அன்றே ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், பார்த்தவர் பெயர் எழுதி வையுங்கள். லேப் அப்சர்வேஷன் நோட்டில் ரீடிங்கை அப்போதே குறிப்பது போல. பிறகு ஞாபகத்திலிருந்து எழுதும் ரீடிங் எடுபடாது.

இரண்டு, காகிதம். காயம் பட்டிருந்தால் அரசு மருத்துவமனைச் சீட்டு. மனு அனுப்பினால் அதன் நகலும் ஸ்பீடு போஸ்ட் ரசீதும். கைது என்றால், கைதுக் குறிப்பு எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கட்டளை இட்டிருக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பே சொல்வது. கேட்கத் தெரிந்தவர் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

மூன்று, வக்கீல். பணம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மக்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமானம் எதுவானாலும் இலவச சட்ட உதவி பெறலாம். வருமானம் குறைந்த மற்றவர்களுக்கும் உண்டு. இதற்கான அலுவலகம் மாவட்ட நீதிமன்றத்திலேயே இருக்கிறது.

நான்கு, திரும்பி வந்த மனு. அதைக் கிழித்துப் போடாதீர்கள். எந்தக் காரணத்துக்காகத் திரும்பியது என்று வாசியுங்கள். கெடு தாண்டியதா, முகவரி தவறா, வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டியதா? ஒரு கதவின் கெடு முடிந்தால் எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. அடுத்தது எது என்று சட்ட உதவி அலுவலகத்தில் கேட்கலாம்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் பட்டயப் படிப்பு. சர்க்யூட் போடவும் மோட்டார் கட்டவும் மட்டும் நம்மை அனுப்பவில்லை. தெருவில் உள்ளவர்களுக்கு ஒரு காகிதத்தை வாசித்துச் சொல்கிற கடமையும் நமக்கு இருக்கிறது. அடுத்த முறை யாராவது ஒரு நோட்டீஸை நீட்டினால், எழுத்தை மட்டும் வாசிக்காமல் மேலே உள்ள தேதியையும் பார்த்து, இன்னும் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். அது போதும், பாதி வாசலைத் திறந்த மாதிரி.